உங்கள் ஓப்பன் சோர்ஸ் நிரலை எடுத்துக்கொண்டார்களா? நிரூபிக்கும் சுமை யார் தலையில், எப்போது: ஒரு முழுமையான வழிகாட்டி

போன மாம்பழ சீசனில், பர்கூர் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் எடைமேடை பார்க்கும் நண்பர் ஒரு போட்டோ அனுப்பினார். பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரி மேடை மேல் நிற்கிறது, கம்ப்யூட்டர் திரையில் ஒரு பிழைச் செய்தி. "இது ஏன் இப்படிச் சொல்லுது, உனக்கு ஏதாவது தெரியுமா" என்று கேட்டிருந்தார். என் கண் வேறு இடத்தில் நின்றுவிட்டது. 'எடை நிலைக்கவில்லை' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தது, அதில் ஒரு 'கே' கூடுதல். அந்தக் கூடுதல் 'கே' நான் போட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி அவசரமாக அடித்து, அப்புறம் திருத்தாமலே விட்டது.

எடையைக் காட்டும் கருவியான இண்டிகேட்டரிலிருந்து சீரியல் கேபிள் வழியாக வரும் எண்ணைப் படித்து, லாரி ஆடி அடங்கும்வரை காத்திருந்து, நிலைத்த எடையை மட்டும் பதியும் ஒரு சின்ன நிரல் அது. ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் லைசன்ஸில் பொதுவில் வைத்திருந்தேன். யாரும் எடுக்கலாம், விற்கலாம்கூட. ஆனால் விற்றால் வாங்குகிறவருக்கு சோர்ஸ், அதாவது நிரலின் மூல வரிகள், கிடைக்க வேண்டும், பதிப்புரிமைக் குறிப்பை அழிக்கக்கூடாது. ஆலைக்கு வந்த மென்பொருளில் என் பெயரும் இல்லை, சோர்ஸும் இல்லை, லைசன்ஸ் தாளும் இல்லை.

கொதிப்போடு கிருஷ்ணகிரியில் தெரிந்த ஒரு வக்கீலிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான். "தம்பி, இதுல எந்த வரி உன்னுது?"

"எல்லாமே என்னுதுதான் சார்."

"எல்லாம்னு சொல்லாத. வரி நம்பர் போட்டு எழுதிட்டு வா."

அதை எழுத எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் கற்றதையும், அதன்பின் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, நிரல் எழுதுகிறவன். உங்கள் வழக்குக்கு உங்கள் வக்கீல்தான் பேச வேண்டும், ஆனால் அவரிடம் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பதை என்னால் சொல்ல முடியும்.

முதலில், சுமை எங்கே விழுகிறது

நம் சாட்சியச் சட்டத்தின் அடிப்படை எளிமையானது. ஓர் உண்மை இருக்கிறது என்று சொல்லி அதன் பேரில் தீர்ப்புக் கேட்கிறவர் யாரோ, அவரே அதை நிரூபிக்க வேண்டும். 1872-ம் வருடச் சட்டத்தில் இது 101-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 104-வது பிரிவு. ஆக, "என் நிரலைத் திருடிவிட்டார்கள்" என்று நீங்கள் போனால், ஆரம்பச் சுமை முழுவதும் உங்கள் தலையில்தான். எதிராளி தன் பங்குக்கு எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, நீங்கள் சொல்வது நிற்கவில்லை என்று காட்டினால் போதும்.

சிவில் வழக்கில் எந்த அளவுக்கு நிரூபிக்க வேண்டும் என்றால், நீங்கள் சொல்வது நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்கு. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவில் கிரிமினல் புகாரும் கொடுக்கலாம், ஆனால் அங்கே நியாயமான சந்தேகத்துக்கே இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். எடுத்த எடுப்பில் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான். இன்னொன்று, பேப்பரில் பதிப்புரிமையையும் காப்புரிமையையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். நிரலுக்கு இருப்பது பதிப்புரிமை. நம் 1957-ம் வருடச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில்தான் வைத்திருக்கிறது, கதை கவிதைக்கு இருக்கும் அதே பாதுகாப்பு.

படி 1: அது உங்களுடையதுதான் என்பதற்குத் தாள்

இங்கே சட்டம் உங்களுக்குக் கொஞ்சம் கை கொடுக்கிறது. வெளியான பிரதியில் ஆசிரியர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவரையே ஆசிரியராக எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று எதிராளி நிரூபிக்கும்வரை. இது பதிப்புரிமைச் சட்டத்தின் 55-வது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் பெயர், வருடம், லைசன்ஸ் மூன்றையும் இரண்டு வரியில் எழுதிவைத்திருந்தால் சுமை அங்கேயே அந்தப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. ரெப்போவின், அதாவது நிரலைப் பொதுவில் வைத்திருக்கும் இடத்தின், முகப்பில் மட்டும் எழுதி, கோப்புகளை மொட்டையாக விட்டிருந்தேன் நான். இன்றைக்கே போய் எல்லாக் கோப்பிலும் போடுங்கள்.

பதிவு கட்டாயமில்லை, எழுதிய நிமிடமே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனாலும் பதிவு செய்தால் 48-வது பிரிவின்படி அந்தப் பதிவேடு, தவறு என்று எதிராளி காட்டும்வரை ஏற்கப்படும் சான்று. கட்டணம் 500 ரூபாய், விண்ணப்பித்தபின் ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு. 2021-ல் விதியைத் திருத்தியபின் சோர்ஸின் முதல் 10 பக்கமும் கடைசி 10 பக்கமும் கொடுத்தால் போதும், ஆனால் எதையும் கறுப்படித்து மறைக்கக்கூடாது. எப்படியும் பொதுவில் இருக்கும் நிரலுக்கு மறைக்க என்ன இருக்கிறது, 500 ரூபாய்க்கு இது மலிவு. அமெரிக்காவில் வழக்குப் போட நினைக்கிற அந்நாட்டுப் படைப்பாளிக்குப் பதிவு இல்லாமல் கதவே திறக்காது; 2019-ல் அங்கே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நம் பக்கத்து ஆட்களுக்கு இருக்கும் பெரிய ஓட்டை வேறு. ஓசூரிலிருந்து தினம் பஸ் ஏறி பெங்களூரு கம்பெனிக்குப் போய்விட்டு, ராத்திரி வந்து சொந்தமாக ஓப்பன் சோர்ஸ் எழுதுகிறவர்கள் எத்தனை பேர்! 17-வது பிரிவின்படி வேலையின் போக்கில் எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிதான் உரிமையாளர். ராத்திரி எழுதியது வேலையின் போக்கில் வராது என்று நீங்கள் வாதாடலாம், ஆனால் ஆபீஸ் லேப்டாப்பில், ஆபீஸ் மின்னஞ்சல் முகவரியில் கமிட் செய்திருந்தால், அதாவது மாற்றங்களைப் பதிந்திருந்தால், எதிராளி முதலில் பிடிப்பது அதைத்தான். வேலை நியமனக் கடிதத்தை எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

அடுத்தது கூட எழுதியவர்கள். என் நிரலில் ரசீது அச்சடிக்கும் பகுதியை தர்மபுரியில் இருக்கும் என் கல்லூரி நண்பன் எழுதினான். அந்தப் பகுதி அவனுடையது. அதற்காக நான் வழக்குப் போட முடியாது, எழுத்தில் அவன் எனக்கு மாற்றித் தந்தாலொழிய. அப்படி எழுதி வாங்கும்போது எத்தனை வருடத்துக்கு, எந்தெந்த நாட்டுக்கு என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் 19-வது பிரிவு ஐந்து வருடம், இந்தியா மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். ஜெர்மனியில் லினக்ஸ் நிரலாளர் ஹரால்ட் வெல்டே, நெட்வொர்க் கருவி விற்கும் டி-லிங்க் மேல் போட்டு 2006-ல் தீர்ப்பான வழக்கில், லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வேறு சில பகுதிகளை எழுதியவர்களிடம் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டுதான் நீதிமன்றத்துக்குப் போனார்.

படி 2: எந்த வரி?

இந்தப் படியில்தான் பெரிய பெரிய வழக்குகளே விழுந்திருக்கின்றன, அதனால் இங்கே நிதானமாக நிற்கிறேன்.

கிறிஸ்டோஃப் ஹெல்விக் லினக்ஸ் கெர்னலில் பல வருடம் எழுதியவர், அவர் எழுதியதை யாரும் சந்தேகப்பட்டதில்லை. விஎம்வேர் என்ற மென்பொருள் நிறுவனம் தன் பொருளில் கெர்னல் நிரலைச் சேர்த்து, ஜிபிஎல்-ஐ மீறுகிறது என்று 2015-ல் ஹாம்பர்க்கில் வழக்குப் போட்டார். லைசன்ஸ் பற்றி ஒரு பெரிய தீர்ப்பு வரும் என்று உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. 2016-ல் தள்ளுபடி ஆனது, 2019-ல் மேல்முறையீடும் தள்ளுபடி. ஜிபிஎல் மீறப்பட்டதா என்ற கேள்விக்கே நீதிமன்றம் போகவில்லை. எந்தப் பகுதியை அவர் எழுதினார், அந்தப் பகுதி தனியாக எடுத்தாலும் பதிப்புரிமைக்கு உரியதா, அதே பகுதி விஎம்வேர் பொருளில் எங்கே இருக்கிறது, இந்த மூன்றையும் வரிசையாகக் காட்டவில்லை என்றது. கிட் வரலாற்றை, அதாவது யார் எதை எப்போது எழுதினார் என்ற பதிவை, கொடுத்து "இதில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் நீதிபதி பார்க்க மாட்டார், அது அவர் வேலையும் இல்லை. (வழக்குக்குப்பின் அந்தப் பகுதியையே எடுத்துவிடப்போவதாக விஎம்வேர் சொன்னது என்பது வேறு விஷயம்.)

இதே பாடத்தை எதிர்ப்புறத்திலிருந்து சொல்வது எஸ்சிஓ என்ற மென்பொருள் நிறுவனத்தின் வழக்கு. யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் நிரலை லினக்ஸில் போட்டுவிட்டது என்று ஐபிஎம் மேல் 2003-ல் பல நூறு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள், ஊரெல்லாம் பேட்டி கொடுத்தார்கள். வெளியே பேசிய பேச்சுக்கும் உள்ளே கொடுத்த சான்றுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்து 2005-ல் நீதிபதியே வியந்து எழுதினார். 2006-ல் இன்னொரு நீதிபதி, கடையிலிருந்து வெளியே வந்தவனைத் திருடன் என்று பிடித்து, எதைத் திருடினான் என்று சொல்லாமல் கடையின் முழுச் சரக்குப் பட்டியலைக் கையில் கொடுத்து "இதில் எங்கேயோ இருக்கிறது, நீயே கண்டுபிடி" என்பது போல இருக்கிறது என்று சொல்லி, அவர்கள் கொடுத்த பட்டியலில் பெரும்பகுதியை நீக்கினார். போதாததற்கு, யூனிக்ஸ் பதிப்புரிமையே எஸ்சிஓ-விடம் இல்லை, நோவெல் என்ற இன்னொரு நிறுவனத்திடம் இருக்கிறது என்று 2010-ல் ஜூரி சொல்லிவிட்டது. படி 1 விழுந்தால் மீதி எதுவும் நிற்காது.

சரி, நம் கதைக்கு வருவோம். என் நிரல் மொத்தம் 1,140 வரி. வக்கீல் சொன்னபடி பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இண்டிகேட்டர் கம்பெனியின் கையேட்டில் இருப்பதால் யார் எழுதினாலும் அப்படித்தான் எழுத வேண்டிய வரிகள், அதாவது வேகம், எழுத்து வரிசை, தொடக்கக் குறி, முடிவுக் குறி, எல்லாவற்றையும் அடித்தேன். வேறு நூலகத்திலிருந்து நானே எடுத்தது, அடித்தேன். நண்பன் எழுதிய ரசீதுப் பகுதி, அடித்தேன். மிச்சம் 212 வரி. அதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, லாரி ஆட்டத்தைச் சமாளிக்கும் வழி: 17 வாசிப்புகளை எடுத்து, மேலே 3 கீழே 3 தள்ளிவிட்டு, மிச்சம் 11-க்குச் சராசரி. அந்த 17-ஐக் கண்டுபிடிக்க இரண்டு நாள் மேடைப் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

வக்கீல் அதிலும் கை வைத்தார். "வழி உன்னுது கிடையாது தம்பி, எழுதின விதம்தான் உன்னுது." ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான், யோசனைக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான். எனக்கு வலித்தது. ஆனால் அடுத்து அவர் சொன்னது முக்கியம், பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது: 17, 3, 11 என்ற எண்கள் பாதுகாப்புக்கு உரியவை அல்ல, ஆனால் அதே எண்கள் அவர்களிடமும் இருப்பது காப்பியடித்ததற்குச் சாட்சி. அந்தக் கூடுதல் 'கே'-யும் அப்படித்தான். காப்பியடித்தார்களா என்பது ஒரு கேள்வி, காப்பியடித்தது பாதுகாப்புக்கு உரியதா என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் தனித்தனித் தாள் வேண்டும்.

படி 3: அவர்கள் பொருளில் இருக்கிறது என்று காட்டுவது

ஓப்பன் சோர்ஸில் ஒரு வசதி, உங்கள் நிரலைப் பார்க்க அவர்களுக்கு வாய்ப்பு இருந்தது என்று காட்டச் சிரமமே இல்லை, அது பொதுவில் கிடக்கிறது. சிரமம் ஒற்றுமையைக் காட்டுவதில், ஏனென்றால் உங்களிடம் இருப்பது அவர்களுடைய பைனரி, அதாவது கணினி ஓட்டும் வடிவம், மட்டும்.

பொருளை முறையாக வாங்குங்கள், பில்லோடு. நண்பர் பென் டிரைவில் போட்டுத் தந்தார் என்று ஆரம்பித்தால் அது எங்கிருந்து வந்தது என்பதிலேயே ஒரு வருடம் போகும். நான் அந்த ஆலை முதலாளியிடம் பேசி, அவர் பில்லோடு வாங்கியிருந்த குறுவட்டையே பெற்றேன். திறப்பதற்கு முன்னால் கோப்பின் ஹாஷை, அதாவது கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்ணை, ஷா-256 முறையில் எடுத்து எழுதிவைத்தேன். அப்புறம் ஸ்ட்ரிங்ஸ் கருவியால் உள்ளே இருக்கும் எழுத்துகளை உருவினேன். என் 23 செய்திகளில் 19 அதே வரிசையில், அதே தவறோடு வந்து விழுந்தன. அவர்களே தனியாக எழுதியிருக்கலாமே என்ற கேள்வி வரும், அதற்குத் தவறுகளைப் போலப் பதில் சொல்வது வேறில்லை. சரியாக எழுதியது இரண்டு பேருக்கும் தோன்றலாம், அதே தப்பு அதே இடத்தில் இரண்டு பேருக்கும் தோன்றாது.

இனி, மின்னணுச் சான்று. சாட்சியச் சட்டத்தின் பழைய 65பி இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 63-வது பிரிவு. சான்றிதழ் இல்லாமல் பிரின்ட் எடுத்துக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள்; அது கட்டாயம் என்று 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திவிட்டது. புதிய படிவத்தில் இரண்டு பகுதி, முதலாவது நீங்கள் நிரப்புவது, இரண்டாவது நிபுணர் நிரப்புவது, இரண்டிலும் ஹாஷ் எண் எழுத வேண்டும். கிட் பதிவை மட்டும் நம்பாதீர்கள். கமிட்டில் இருக்கும் பெயரையும் தேதியையும் யாரும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்பது நமக்கெல்லாம் தெரியும், எதிராளியின் வக்கீலுக்கும் யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வெளியார் கையில் இருக்கும் தேதி வேண்டும்: சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் காப்பகத்தில் இருக்கும் பிரதி, அந்த நாளில் வேறு ஒருவருக்கு அனுப்பிய மின்னஞ்சல், பதிவுச் சான்றிதழ்.

படி 4: சுமை அந்தப் பக்கம் போகும் இடங்கள்

மேலே சொன்ன மூன்றும் நின்றுவிட்டால் காற்று திரும்புகிறது. "எனக்கு அனுமதி இருந்தது" என்று சொல்கிறவர் அந்த அனுமதியைக் காட்ட வேண்டும். ஓப்பன் சோர்ஸில் அவர் காட்டக்கூடிய ஒரே அனுமதி உங்கள் லைசன்ஸ்தான், அதைக் காட்டிய உடனே அதன் நிபந்தனைகளும் கூடவே வந்துவிடுகின்றன. டி-லிங்க் வழக்கில் ஜிபிஎல் செல்லாது என்று வாதாடிப் பார்த்தார்கள். செல்லாது என்றால் உனக்கு விநியோகிக்க எந்த அனுமதியுமே இல்லையே என்ற நிலைக்குத்தான் ஃபிராங்க்ஃபர்ட் நீதிமன்றம் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தியது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அமெரிக்க நீதிமன்றங்களில், லைசன்ஸ் இருப்பதை இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டு அதன் எல்லை எதுவரை என்பதில் மட்டும் சண்டை என்றால், எல்லை தாண்டினார்கள் என்று நிரூபிக்கும் சுமை மறுபடி உரிமையாளர் மேல் வரும். அதனால்தான் 2008-ன் ஜேகப்சன் வழக்கு அவ்வளவு முக்கியம். பொம்மை ரயில் ஓட்டும் ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், எடுத்தவர்கள் ஆசிரியர் பெயரை நீக்கியிருந்தார்கள். லைசன்ஸில் இருப்பவை வெறும் ஒப்பந்த வாக்குறுதிகள் இல்லை, அனுமதிக்கான நிபந்தனைகள், மீறினால் அது பதிப்புரிமை மீறலே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. உங்கள் லைசன்ஸில் 'இன்னின்னதைச் செய்தால் மட்டுமே' என்ற வார்த்தை எங்கே இருக்கிறது என்று தேடி அடிக்கோடு போட்டு வையுங்கள்.

பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு தரும், மீறலாகாது என்ற விலக்குகளைக் கோருகிறவர் அதற்குள் தான் வருகிறேன் என்று காட்ட வேண்டும். பதிப்புரிமை இருப்பதே தெரியாது என்று சொல்கிறவரும் அப்படியே; 55-வது பிரிவில் அதை நிரூபித்தால் இழப்பீட்டிலிருந்து தப்பலாம், ஆனால் தடை உத்தரவும் லாபத்தில் பங்கும் அப்போதும் வரும். பெயர் தலைப்பை வெட்டி எடுத்தவர் தெரியாது என்று சொல்வது கடினம்.

அவர்களுடைய சோர்ஸ் அவர்களிடம் மட்டும் இருக்கிறதே? ஒருவருக்கு மட்டுமே தெரிந்த உண்மையை அவர்தான் நிரூபிக்க வேண்டும் என்கிறது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 109-வது பிரிவு. ஆனால் இதை முதலிலேயே தூக்கிக்கொண்டு போக முடியாது, உங்கள் பங்கை நிறுத்தியபின்தான் இது வேலை செய்யும். சோர்ஸைத் தாக்கல் செய்ய மனுப் போடலாம், அழித்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமாக இருந்தால் நீதிமன்ற ஆணையரை அனுப்பிப் பிரதி எடுக்கக் கேட்கலாம். இருந்தும் கொடுக்கவில்லை என்றால், கொடுத்திருந்தால் அவருக்கே பாதகமாக இருந்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்க 119-வது பிரிவு இடம் தருகிறது.

படி 5: நோட்டீஸ், மத்தியஸ்தம், வழக்கு

மீறல் நடந்ததிலிருந்து மூன்று வருடம்தான் கெடு, இழுத்தடிக்காதீர்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 62-வது பிரிவு நமக்கு ஒரு பெரிய சலுகை: எதிராளி எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நீதிமன்றத்திலேயே போடலாம், டெல்லிக்கு ரயில் ஏற வேண்டாம். மதிப்பு 3 லட்சத்தைத் தொட்டால் வணிக வழக்காகிவிடும்; அவசரத் தடை கேட்கவில்லை என்றால் வழக்குக்கு முன் மத்தியஸ்தம் கட்டாயம்.

நான் அதுவரை போகவில்லை. கோபத்தில் நான் எழுதியிருந்த நான்கு பக்க நோட்டீஸை வக்கீல் ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு பக்கக் கடிதமும் ஒரு அட்டவணையும் அனுப்பினார். என் கோப்பு, வரி எண், கமிட் தேதி, அவர்கள் கோப்பில் அது இருக்கும் இடம், லைசன்ஸில் மீறிய நிபந்தனை, அட்டவணையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நெடுவரிசை. பதினோராம் நாள் போன் வந்தது. சோர்ஸை வெளியிட்டார்கள், பெயரைப் போட்டார்கள், வக்கீல் செலவைக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் இப்படி முடியாது என்று தெரியும். பிரான்ஸில் ஆந்த்ருவெர் என்ற சிறிய நிறுவனம் ஆரஞ்ச் என்ற தொலைபேசி நிறுவனம் மேல் போட்ட ஜிபிஎல் வழக்கில் 2024-ல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது, பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

நோட்டீஸ் உங்களுக்கு வந்தால்

ஓசூரில் சின்னதாக மென்பொருள் செய்து விற்கும் நண்பர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். பயந்து அழிக்காதீர்கள், 119-வது பிரிவு ஞாபகம் இருக்கட்டும். எந்தக் கோப்பு, எந்த வரி, உரிமைக்கு என்ன தாள் என்று எழுத்தில் கேளுங்கள், அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது, நேர்மையாக வந்தவர் தருவார். லைசன்ஸ் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். ஜிபிஎல் 2 என்றால் மீறிய உடனே அனுமதி போய்விடுகிறது. 3 என்றால் முதல்முறை நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் அனுமதி திரும்பிவிடும். அந்த 30 நாளை வாதத்தில் செலவழிக்காமல், சோர்ஸை வெளியிட்டுப் பெயரைப் போடும் வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் எல்லா வாடிக்கையாளருக்கும் லைசன்ஸ் தாளை அனுப்பி அதற்கான ரசீதையும் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.